அண்டை அயலாரின் உரிமையும் நமது அமானிதமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக.

 

ஆண்டு தோறும் இக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகின்றது. சந்தா எவ்வளவு வந்தது, கட்டட நிதியில் எவ்வளவு மீதம் உள்ளது என்று கணக்குப் பார்க்கின்றோம். அது அவசியமானதே. ஆயினும், ஏட்டில் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. நம்மைச் சுற்றி வாழும் பிற சமயத்து மக்களுக்கு நாம் செலுத்த வேண்டியது என்ன, அதில் செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. இன்று அதைப் பற்றிச் சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

இத்தலைப்பை நாம் தேர்ந்து கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. சில காலத்திற்கு முன் மாற்றுச் சமயத்தைச் சார்ந்த வயது முதிர்ந்த தச்சர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை நமது பள்ளிவாசலின் வாயிலில் வந்து நின்றார். நம்மில் ஒருவருடைய புது வீட்டிற்குக் கதவும் ஜன்னலும் செய்து கொடுத்தவர் அவர். கூலியில் பாதி வந்து சேரவில்லை. ஜமாஅத்தில் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நம்பி வந்திருந்தார். ஜும்ஆ முடிந்து வாருங்கள் என்றோம். முடிந்ததும் அவரவர் வீட்டிற்குப் போய்விட்டோம். மறு வாரமும் வந்தார். மஹல்லாவாசிகளுக்குள் ஏற்படும் வழக்குகளைத்தான் ஜமாஅத் விசாரிக்கும் என்று பதில் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் கேட்கவில்லை.

அவருடைய வழக்கு பின்னர் என்னவாயிற்று என்பதை உரையின் இறுதியில் சொல்கின்றோம். இப்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கின்றோம். அன்று அவருக்கு நாம் சொன்ன பதில் இஸ்லாமியப் பதில்தானா?

சகிப்பா, நீதியா?

சமய நல்லிணக்கம் பற்றிப் பேசும் மேடைகளில் சகிப்புத்தன்மை என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கின்றது. நல்ல சொல்தான். ஆனால், நாம் எதைச் சகித்துக் கொள்கின்றோம்? தலைவலியைச் சகிக்கின்றோம். வெயிலைச் சகிக்கின்றோம். அண்டை வீட்டுக்காரர் தலைவலியா, வெயிலா? வேறு வழியின்றிப் பொறுத்துக் கொள்ளப்பட வேண்டிய துன்பமாக ஒரு மனிதரை எண்ணுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

திருமறையின் அல்மும்தஹினா அத்தியாயம் எட்டாம் வசனத்தைப் பாருங்கள். மார்க்கத்தின் பொருட்டு நம்மோடு போர் தொடுக்காத, நம்மை நம் வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதியுடன் நடந்து கொள்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்றும், நீதியாளர்களை அவன் நேசிக்கின்றான் என்றும் அவ்வசனம் அறிவிக்கின்றது. அங்கே நன்மை செய்வதற்கு ஆளப்பட்டிருப்பது ‘பிர்ரு’ என்னும் வேர்ச்சொல். பெற்றோருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையைக் குறிப்பதற்கும் நம் மார்க்கம் அதே சொல்லைத்தான் வழங்குகின்றது. பெற்றோரை நாம் ‘சகித்துக் கொள்வது’ இல்லை. அவர்களுக்குரிய கடமையைச் செலுத்துகின்றோம்.

இவ்வசனத்தோடு இணைத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி மிகவும் உருக்கமானது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இஸ்லாத்தை ஏற்காதவர். குறைஷியருடன் உடன்படிக்கை இருந்த காலத்தில் அவர் மகளைக் காண மதீனா வந்தார். தாயை வரவேற்று உபசரிக்கலாமா என்ற தயக்கம் மகளுக்கு. நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். தாயோடு உறவு பேணி நடந்து கொள்ளுமாறே அண்ணலார் பணித்தார்கள். நம்பிக்கை வேறாக இருந்தும் உறவு அறுபடவில்லை.

ஆக, பிற சமயத்தாரோடு வாழ்வதற்கு இஸ்லாம் இட்டிருக்கும் அடித்தளம் நீதியும் நன்மையுமே. சகிப்பு என்பது நாம் விரும்பினால் கொடுப்பது, விரும்பாவிட்டால் நிறுத்திக் கொள்வது. நீதி அப்படிப்பட்டதன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் இன்று சொல்ல வந்த செய்தி இது ஒன்றே.

சிறுபான்மையாக வாழ்ந்த முதல் முஸ்லிம்கள்

சகோதரர்களே! முஸ்லிம்கள் ஆட்சி புரிந்த நாடுகளின் வரலாற்றையே நாம் பெரிதும் எடுத்துப் பேசுகின்றோம். நமது நிலைக்கு மிக நெருக்கமான வரலாறு அபிசீனியாவில் இருக்கின்றது. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615ஆம் ஆண்டளவில், மக்காவின் கொடுமை தாங்காத முஸ்லிம்களை ஹபஷா என்னும் அந்த நாட்டிற்குச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள். அதன் மன்னர் நஜ்ஜாஷி அப்போது கிறிஸ்தவர். அவருடைய நாட்டில் எவரும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே அண்ணலார் அந்நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் கூறிய காரணம். ஒரு நாட்டை அதன் மக்களின் மதத்தைக் கொண்டு எடை போடாமல் அங்கே நிலவும் நீதியைக் கொண்டு எடை போட்டார்கள் நம் பெருமானார்.

முதலில் சிலரும் பின்னர் எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களுடன் அங்கே சென்று சேர்ந்தனர். அவர்களைத் திருப்பி அழைத்து வரக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதுவர்களை அனுப்பினர். மன்னர் இரு தரப்பையும் விசாரித்தார். முஸ்லிம்களின் சார்பில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கிறிஸ்தவ அரசவையில் இஸ்லாத்தை அறிமுகம் செய்ய வேண்டிய தருணம் அது. தங்கள் பழைய வாழ்வின் இழிவுகளைப் பட்டியலிட்டபோது, சிலை வணக்கத்தோடு, உறவைத் துண்டித்ததையும், அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்ததையும், வலியவர் எளியவரை விழுங்கியதையும் சேர்த்தே சொன்னார்கள். இறைத்தூதர் வந்து போதித்தவற்றை அடுக்கியபோதும், ஓரிறை வணக்கத்தோடு, வாய்மை, அமானிதம் பேணல், உறவு பேணல், அண்டை வீட்டாருக்கு நன்மை புரிதல் என்றே அடுக்கினார்கள். பின்னர், மன்னர் கேட்டுக் கொண்டதற்கிணங்க மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னர் கண்ணீர் வடித்தார் என்பது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் மேலும் ஒரு செய்தியை அறிவிக்கின்றார்கள். அது நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. நஜ்ஜாஷிக்கு எதிராக ஒருவன் படை திரட்டி எழுந்தான். நைல் நதிக்கு அப்பால் போர் நிகழ்ந்தது. முஸ்லிம்கள் கவலையில் ஆழ்ந்தனர். மன்னரின் வெற்றிக்காக அல்லாஹ்விடம் கையேந்தினர். களத்துச் செய்தியை அறிந்து வர அவர்களில் இளையவரான ஸுபைர் (ரலி) அவர்கள், காற்று நிரப்பிய தோல்பையை மார்பில் கட்டிக்கொண்டு நதியை நீந்திக் கடந்தார்கள். வெற்றிச் செய்தியோடு அவர் திரும்பியபோது அங்கிருந்த முஸ்லிம்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அடைக்கலம் தந்த நாட்டின் துன்பத்தைத் தம் துன்பமாக எண்ணினார்கள் அந்த ஸஹாபாக்கள். தங்கள் தொழுகையையும் நம்பிக்கையையும் இம்மியும் விட்டுக் கொடுக்கவில்லை. நாட்டின் நலனிலிருந்து ஒதுங்கி நிற்கவும் இல்லை. ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபர் வெற்றியின்போதுதான் நபி (ஸல்) அவர்களை வந்தடைந்தார்கள். மதீனாவில் முஸ்லிம்களின் ஆட்சி அமைந்த பிறகும் ஆண்டுகள் பல அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மதீனாவின் உடன்படிக்கையும் ஒரு கவசத்தின் வழக்கும்

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தார்கள். அந்தப் பயணத்தில்கூட ஒரு பாடம் உண்டு. வழிகாட்டியாக அமர்த்திக் கொள்ளப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் இஸ்லாத்தை ஏற்காதவர். உயிரைப் பணயம் வைத்த பயணத்தில், நம்பிக்கைக்கு உரியவர் என்ற ஒரே காரணத்தால் அவரிடம் வழியை ஒப்படைத்தார்கள். தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகள் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்த்துவிட்டு வரும்படி அலி (ரலி) அவர்களைப் பணித்துவிட்டே புறப்பட்டார்கள்.

மதீனாவில் எழுதப்பட்ட உடன்படிக்கையை வரலாற்று ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் பாதுகாத்துத் தந்திருக்கின்றார். பனூ அவ்ஃப் குலத்தைச் சேர்ந்த யூதர்கள் நம்பிக்கையாளர்களோடு ஒரே சமுதாயம் என்றும், யூதருக்கு அவர்களின் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்களின் மார்க்கம் என்றும் அதில் வரையறுக்கப்பட்டது. நகருக்கு ஆபத்து வரின் இரு சாராரும் சேர்ந்து காக்க வேண்டும். அநீதி இழைத்தவன் எவனாயினும் அவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதும் அதன் விதிகள். பின்னாளில் உடன்படிக்கை முறிந்து போர்கள் மூண்டதும் வரலாறே. அதை மறைக்கத் தேவையில்லை. சமயத்தால் வேறுபட்டோர் ஓர் ஊரின் குடிமக்களாக ஒப்பந்தம் செய்து வாழ முடியும் என்பதற்கு அண்ணலாரே வழி வகுத்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். தேவ்பந்தின் பேரறிஞர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ அவர்கள் 1938இல் கூட்டுத் தேசியம் பற்றி எழுதிய நூலில் இந்த உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்டினார்கள். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் நமது அரசியல் சாசனமும் இந்நாட்டு மக்களோடு நாம் செய்து கொண்ட உடன்படிக்கைதான். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நம்மை அழைக்கின்றது.

இனி, இவ்வுரையின் மையமான நிகழ்ச்சிக்கு வருகின்றோம். திருமறை விரிவுரையாளர்கள் பலர் அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்களை விளக்குமிடத்து இதை எடுத்துரைப்பர். மதீனாவில் துஃமா என்பவன் தன் அண்டை வீட்டு அன்ஸாரித் தோழரின் போர்க் கவசத்தைத் திருடினான். அது மாவுப் பையில் இருந்தது. பையின் கிழிசல் வழியே மாவு சிந்தித் தடம் காட்டியது. அகப்பட்டுக் கொள்வோம் என்றஞ்சி அதை ஒரு யூதரின் வீட்டில் வைத்துவிட்டு, திருடியவர் அவரே என்றான். அவனுடைய குலத்தார் திரண்டு நபி (ஸல்) அவர்களிடம் சென்று, தம் ஆளுக்காகப் பரிந்து பேசினர். எதிரிலோ துணைக்கு ஆளில்லாத ஒரு யூதர்.

அப்போதுதான் அந்த வசனங்கள் அருளப்பட்டன. மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான். தான் செய்த குற்றத்தை நிரபராதி மீது சுமத்துபவன் பெரும் பாவத்தைச் சுமக்கின்றான் என எச்சரித்தான். குற்றமற்றவர் யூதர், குற்றவாளி முஸ்லிம் என்று பெயர் தாங்கியவன். ஒரு யூதரின் மானத்தைக் காக்கத் திருமறை வசனங்கள் இறங்கின. அவற்றை நாம் இன்றும் தொழுகையில் ஓதிக் கொண்டிருக்கின்றோம்.

நம் ஆள் என்பதற்காக நியாயம் வளையக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகைகூட நீதியினின்று நம்மைப் பிறழச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா எட்டாம் வசனம் விதிக்கின்றது. பகைவருக்கே இந்நிலை எனின், நமக்குக் கதவு செய்து தந்தவருக்கு எந்நிலை?

வாசற்படியில் தொடங்கும் மார்க்கம்

இந்தப் பெரிய நெறியை ஸஹாபாப் பெருமக்கள் அன்றாட வாழ்வின் சின்னஞ்சிறு செயல்களில் காட்டினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவிற்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய செய்தியை நினைவூட்டினார்கள். அண்டை வீட்டார் என்ற சொல்லிற்குள் யூதரும் அடங்குவார் என்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை.

காதிஸிய்யாவில் ஸஹ்ல் (ரலி), கைஸ் (ரலி) என்ற இரு நபித்தோழர்கள் அமர்ந்திருந்தபோது ஒரு ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றனர். இறந்தவர் முஸ்லிம் அல்லர் என்று அருகிலிருந்தோர் சொன்னார்கள். முன்பு ஒரு யூதரின் ஜனாஸா சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அதுபற்றிக் கேட்கப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற பொருளில் திருப்பிக் கேட்டதையும் அவ்விருவரும் எடுத்துரைத்தனர். அண்ணலார் மறைந்தபோது அவர்களின் கவசம் வீட்டாருக்கு வாங்கிய வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. கொடுக்கல் வாங்கல் இறுதி நாள் வரை இருந்தது என்பதே இதன் பொருள்.

இங்கே நம் இளைஞர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். இவ்வாறு பழகினால் நம் அகீதா, நம் கொள்கை, கரைந்து போகாதா? கரையாது. அல்காஃபிரூன் அத்தியாயம் கொள்கையின் எல்லையைத் தெளிவாக வரைந்திருக்கின்றது. அவர்களின் வணக்கம் அவர்களுக்கு, நம் வணக்கம் நமக்கு. எல்லாமே ஒன்றுதான் என்று சொல்லி மகிழ்விக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அவ்வாறே, அல்பகரா 256ஆம் வசனம் மார்க்க விஷயத்தில் எவரையும் கட்டாயப்படுத்துவதை விலக்கிவிட்டது. அல்அன்ஆம் 108ஆம் வசனம் பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசுவதைத் தடுத்துவிட்டது. அல்ஹஜ் 40ஆம் வசனம், இறைவன் மனிதரில் சிலரைச் சிலரால் தடுத்திராவிட்டால் மடங்களும் கோயில்களும் யூதர் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருக்கும் என்கின்றது. அந்த வரிசையில் பிற சமயத்தார் ஆலயங்கள் முதலிலும் பள்ளிவாசல் இறுதியிலும் வருவதைச் சிந்தியுங்கள். நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனா வந்தபோது, அவர்களின் வணக்க நேரம் நெருங்கியது. மஸ்ஜிதுந் நபவியிலேயே அதை நிறைவேற்ற அவர்களை அண்ணலார் விட்டுவிட்டார்கள் என்று வரலாற்று நூல் கூறுகின்றது. கொள்கையைப் பற்றி அவர்களோடு விவாதமும் நடந்தது. ஈரிடத்திலும் ஒருவர் மற்றவரை அவமதிக்கவில்லை.

ஒரே தராசு

பெரியோர்களே! நீதியின் தராசு ஒன்றாக இருக்க வேண்டும். 2019 மார்ச் 15 அன்று நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவிற்கு வந்திருந்தோர் மீது ஒருவன் துப்பாக்கியால் சுட்டான்; 51 பேர் ஷஹீதாயினர். நம் கண்கள் கலங்கின. அந்நாட்டு மக்கள் பள்ளிவாசல் வாயில்களில் மலர்களைக் குவித்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது. ஐந்து வாரங்கள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, நம் அண்டை நாடான இலங்கையில் ஈஸ்டர் வழிபாட்டிற்கு வந்திருந்தோர் மீதும் ஹோட்டல்களில் தங்கியிருந்தோர் மீதும் குண்டு வெடித்தது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதைச் செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டவர்கள். நம் தமிழ் பேசியவர்கள்.

கிறைஸ்ட்சர்ச்சுக்கு அழுத அதே கண்ணீரை நீர்கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் நாம் சிந்தினோமா? அவர்கள் முஸ்லிம்களே அல்லர் என்று ஒரு வரியில் சொல்லி ஒதுங்கிக் கொள்வது எளிது. அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்ற அல்மாயிதா 32ஆம் வசனத்தின் கருத்தை நம் பிள்ளைகளுக்கு மக்தபிலேயே ஊட்டினோமா என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வது கடினம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் சிறுபான்மையினரின் ஆலயங்கள் தாக்கப்படும் செய்தி வரும்போதும் இதே தராசையே நாம் எடுக்க வேண்டும். நமக்கு இங்கே எதைக் கேட்கின்றோமோ அதை அங்கே அவர்களுக்கும் கேட்பதே நியாயம்.

நம் மண்ணின் வழக்கம்

இந்த நெறி தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. நம் நாவில் புழங்கும் சொற்களையே பாருங்கள். ஸலாத் என்பதை நம் முன்னோர் தொழுகை என்றனர். ஸவ்ம் என்பதை நோன்பு என்றனர். மஸ்ஜிதைப் பள்ளி என்றனர். பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்திற்கு இம்மண்ணில் வழங்கிய பெயர். தீனை உறுதியாகப் பற்றிக் கொண்டு, மொழியை அண்டை அயலாரோடு பகிர்ந்து கொண்டார்கள் அவர்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரத்து அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் பாடியவருக்கு ஓர் இந்துப் பெரியவர் ஆசிரியராக இருந்தார் என்பது நாம் மறக்கலாகாத நன்றிக் கடன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியபோது, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் சுற்றுப்புற மீனவக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த மக்களுக்கு உணவும் தங்க இடமும் தந்து அரவணைத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். யாரும் மதம் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்திருந்தன. இவற்றைக் கேட்க நமக்குப் பெருமையாக இருக்கின்றது. இருக்கட்டும். ஆனால், பேரிடர் வரும் நாளில் கதவைத் திறப்பது ஒரு வகையில் எளிது. எல்லோர் மனமும் அன்று இளகியிருக்கும். சாதாரண ஒரு வெள்ளிக்கிழமையில், வாயிலில் நிற்கும் ஒற்றை மனிதருக்குக் கதவைத் திறப்பதில்தான் சோதனை இருக்கின்றது.

தச்சரின் வழக்கு

அந்தப் பெரியவரின் கதைக்குத் திரும்புவோம். நம்மில் ஒருவர் இதைக் கேள்வியுற்று மனம் பொறாமல் நிர்வாகத்தில் எடுத்துரைத்தார். வீட்டுக்காரரை அழைத்து விசாரித்தோம். பாக்கி உண்மையே. வீட்டுச் செலவு கூடிவிட்டது, பிறகு தரலாம் என்றிருந்தேன் என்றார். இரு தவணைகளில் அவர் கொடுத்து முடித்தார். இரண்டாம் தவணையை நாமே தச்சரின் இல்லத்திற்குக் கொண்டு சென்றோம். நம்மை அமரச் செய்து தண்ணீர் தந்தார். பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. கூலி எப்படியும் வந்துவிடும் என்று நினைத்தேன், பள்ளிவாசலில் வைத்து இல்லை என்று சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை என்றார்.

சகோதரர்களே, அந்த ஒரு சொல்லிற்கு நம்மிடம் பதில் இல்லை. உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம். உடன்படிக்கை செய்து வாழும் பிற சமயத்தவருக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வழக்காடுவதாக அண்ணலார் எச்சரித்திருக்கின்றார்கள். அந்த மன்றத்தில் நபி (ஸல்) அவர்கள் தச்சரின் பக்கம் நின்றால் நாம் எந்தப் பக்கம் நிற்போம்? யாருடைய ஷஃபாஅத்தை நம்பி வாழ்கின்றோமோ, அவர்களே நமக்கு எதிராக வாதாடும் நிலை வர வேண்டுமா?

ஆகவே, இப்பொதுக்குழுவின் முன் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது: நம் மஹல்லாவாசி மீது பிற சமயத்தவர் கொண்டு வரும் முறையீட்டை, மஹல்லாவாசியின் முறையீட்டைப் போன்றே பதிவேட்டில் எழுதி, ஒரு வாரத்திற்குள் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்க வேண்டும். அவர் விரும்பினால் தம் சார்பில் ஒருவரை உடன் அழைத்து வரலாம். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டுகின்றோம். காவல் நிலையமும் நீதிமன்றமும் அவருக்கு எப்போதும் திறந்திருக்கின்றன. நம் விசாரணை அவற்றைத் தடுப்பதாக அமையக் கூடாது.

இரண்டாவது: ஜும்ஆ நேரத்தில் நம் வாகனங்கள் அண்டை வீட்டாரின் வாசலையும் கடைகளையும் மறைக்கின்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. நாமே இடையூறாக நின்று கொண்டு உள்ளே ஸுஜூது செய்வது பொருந்துமா? வாகனங்களை நிறுத்த வேறு இடம் ஒதுக்கி, ஒழுங்குபடுத்த இளைஞர் குழுவை அமைக்க வேண்டும். பயான்களின்போது வெளி ஒலிபெருக்கிகளை நிறுத்திவிட்டு உள் ஒலிபெருக்கிகளையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது: கைப்பேசியில் வந்து விழும் செய்திகள். எவரேனும் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துக் கொள்ளுமாறும், இன்றேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்றும் அல்ஹுஜுராத் ஆறாம் வசனம் எச்சரிக்கின்றது. பிற சமயத்தாரைப் பழித்தும் அவர்களின் தெய்வங்களை இகழ்ந்தும் வரும் எதையும் நம் மஹல்லாவின் குழுக்களில் பகிரக் கூடாது. நம்மைப் பழித்து வரும் செய்திகளால் நாம் எவ்வளவு வேதனைப்படுகின்றோம் என்பது நமக்குத் தெரியும். அந்த வேதனையை மற்றொருவருக்கு நாம் தர வேண்டாம்.

நான்காவது: நம் தெருவில் பிற சமய வீடுகளில் நோயோ மரணமோ நேர்ந்தால், நிர்வாகத்தின் சார்பில் இருவர் சென்று விசாரித்து, இயன்ற உதவியைச் செய்து வர வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீட்டிற்கே சென்று நலம் விசாரித்தார்கள் என்பதை நினைவில் கொள்வோம்.

இவையெல்லாம் செய்தால் நம்மீதுள்ள வெறுப்பு மறைந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். மறையலாம், மறையாமலும் போகலாம். நீதி என்பது எதிரில் இருப்பவர் தரும் பதிலை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரம் அன்று. நமக்கு அநீதி இழைக்கப்படும்போது சட்டத்தின் வழியில், சாசனம் தந்த உரிமையின் துணையோடு உறுதியாகப் போராடுவோம். அதற்காக நம் பக்கத்து நியாயத்தைச் செலுத்தாமல் நிறுத்தி வைக்கும் உரிமை நமக்கு இல்லை. பிறர் தம் கடனைக் கட்டவில்லை என்பது நம் கடனை ரத்துச் செய்யாது.

அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. அவர் எந்தச் சமயத்தவர் ஆயினும் இல்லை. நமது பள்ளிவாசலின் வாயிலில் இனி எவரும் மூன்றாம் வாரம் வராமல் போகக் கூடாது. வந்தவர் முதல் வாரமே அமரச் செய்யப்பட வேண்டும். அவர் சொல் கேட்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன என்பதும் சேர்த்தே வாசிக்கப்படட்டும்.

யா அல்லாஹ்! எங்களை நீதியாளர்களின் கூட்டத்தில் சேர்த்தருள்வாயாக. எங்கள் கரங்களாலும் நாவுகளாலும் எவரும் துன்புறாமல் காத்தருள்வாயாக. அறிந்தும் அறியாமலும் நாங்கள் பறித்த உரிமைகளை இவ்வுலகிலேயே திருப்பிக் கொடுத்துவிடும் பாக்கியத்தைத் தந்தருள்வாயாக. எங்கள் ஊரையும் நாட்டையும் அச்சமற்ற அமைதியின் இல்லமாக ஆக்கியருள்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.